எரியும் விளக்கோடு நின்ற வண்டி

"நான் எங்கப்பாவைக் கொன்னேனா இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் ஹெல்மெட்டை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். பெயர் ரக்ஷிதா. வயது இருபத்தாறு. ஜெயநகரில் ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வீடு ஸ்ரீராம்புரம். இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு நகக் கீறல் ஆறிப்போய்த் தழும்பாகியிருந்தது.

கோமளம் உடனே பதில் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யான விபத்து கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்தெருவில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், முக்கியமானதை அப்போதுதான் சொல்வார்கள் என்பது அவர் அனுபவம்.

உதவியாளன் ஆம்ப்ரோஸுக்கு அந்த அனுபவம் கிடையாது.

"மேடம், முதல் தடவையா ஒரு கிளையண்ட் தன் மேலயே சந்தேகப்பட்டு வந்திருக்காங்க. பாதி வேலை மிச்சம்."

கோமளம் திரும்பிப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் வாயை மூடிக்கொண்டான். பைக் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் அவன். கை நல்ல கை. வாய்க்காக மூன்று முதலாளிகள் துரத்தி, நான்காவதாக இங்கே வந்து சேர்ந்தவன்.

"அப்பா எப்படிப் போனார்?"

"ஹார்ட் அட்டாக். இருபத்து மூணு நாள் ஆகுது. சனிக்கிழமை காலைல பதினோரு மணி இருக்கும். அம்மாவும் அண்ணனும் மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாங்க. அப்பா நெஞ்சைப் பிடிச்சிட்டுத் தரையில உட்கார்ந்துட்டாரு. வெளிய செம மழை. எங்க சந்துக்குள்ள ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ்காரன் அரை மணி நேரம்னான். அப்பாவை என் பைக்ல பின்னாடி உட்கார வச்சு, துப்பட்டாவால என்னோட சேர்த்துக் கட்டிட்டுக் கிளம்பிட்டேன். அவசரத்துல என் போனைச் சார்ஜர்லயே விட்டுட்டேன். ஓகலிபுரம் அண்டர்பாஸுக்குள்ள போனதும் வண்டி நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"இருபது நிமிஷம் செல்ஃப் அடிச்சேன் மேடம். முதுகுல அவரைக் கட்டியிருந்தேன், இறங்கித் தள்ளவும் முடியல. எல்லாரும் ஹாரன் அடிச்சிட்டுச் சுத்திப் போனாங்க. ஒருத்தர் வீடியோ எடுத்தாரு. அப்பா என் தோள்ல வாயை வச்சு, 'அம்மாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு'ன்னாரு. சொல்றேன்ப்பான்னேன்." அவள் நிறுத்தினாள். "அப்புறம் முதுகுல பாரம் கூடிடுச்சு."

கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"டிராஃபிக் போலீஸ்காரர் வந்துதான் முடிச்சை அவிழ்த்தாரு. அப்பா சட்டைப் பையில இருந்த பட்டன் போனை எடுத்து அண்ணனுக்கு அடிச்சுச் சொன்னாரு. அப்படி ஒரு போன் இருந்ததே எனக்கு ஞாபகம் வரலை. சாவு வீட்டுல ஓசூர் அத்தை என்னை அப்பாவைத் தொடவே விடலை. ஓட்டை வண்டியில கட்டிக் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டான்னாங்க. அம்மா எல்லார் முன்னாடியும் அடிச்சாங்க. இப்போ வீட்டுல எனக்குத் தட்டு தனி, பாய் தனி. அம்மா என்கிட்டப் பேசறது ஒரே ஒரு வார்த்தைதான்."

"என்ன வார்த்தை?"

"கொலைகாரி."

ஆம்ப்ரோஸ் கேலி எதுவும் இல்லாமல் எழுந்து, டூல் பெட்டியை எடுத்துக்கொண்டான்.

வண்டி வாசலில் நின்றது. இரண்டு வருஷமான நூற்றைம்பது சிசி பைக். முன்னால் ஒரு ஜோடி மஞ்சள் ஃபாக் லைட், ஹேண்டில்பாரில் செல்போன் சார்ஜர். அப்பா இறந்த பிறகு இன்றுதான் முதல் முறையாக அதை ஓட்டி வந்திருக்கிறாள்.

"இதுக்கு முன்னாடி நின்னிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஆம்ப்ரோஸ் சீட்டைக் கழற்றினான்.

"எட்டு மாசத்துல நாலு தடவை. மூணு மெக்கானிக் பார்த்தாச்சு. பேட்டரி மாத்தினாங்க, பிளக் மாத்தினாங்க, பெட்ரோல் பம்ப் மாத்தினாங்க."

"நம்பர் பிளேட்டை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. நல்ல மனசு." மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். "பன்னண்டு புள்ளி ஆறு. பேட்டரி கல்லு மாதிரி இருக்கு மேடம்."

கோமளம் படியில் உட்கார்ந்தார். "ரக்ஷிதா, நின்னப்போ வண்டி இருமி இருமி நின்னுதா, பட்டுனு நின்னுதா?"

"பட்டுனு. சாவியைத் திருப்பின மாதிரி."

"அப்போ பெட்ரோல் கோளாறு கிடையாது. சரி, அண்டர்பாஸ்ல இருட்டா இருந்திருக்குமே. ஃபாக் லைட் போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"வண்டி நின்னப்புறம்?"

ரக்ஷிதா கண்களை மூடி யோசித்தாள். "எரிஞ்சிட்டே இருந்துச்சு மேடம். அந்த வெளிச்சத்துலதான் அப்பா கை தெரிஞ்சுது."

"லைட் எரியறது, செல்ஃப் சுத்தறது, என்ஜின் மட்டும் வரலை," என்றார் கோமளம். "ஆம்ப்ரோஸ்?"

"கரண்ட் எல்லாருக்கும் போயிருக்கு மேடம். என்ஜினுக்கு மட்டும் யாரோ கதவைச் சாத்தியிருக்காங்க."

"மத்த மூணு தடவை எங்க நின்னுது?"

"ஒரு தடவை ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு ஓசூர் போறப்போ. ஒரு தடவை நந்தி மலைக்கு கேர்ள்ஸ் எல்லாம் ரைடு போறப்போ, லாரிக்கு முன்னாடி. இன்னொரு தடவை..." தயங்கினாள். "கண்ணாவைப் பார்க்க ஈஜிபுரா போறப்போ."

"வேலைக்குப் போறப்போ?"

"ஒரு நாள் கூட நின்னதில்லை."

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தான். "வண்டிக்கு லீவு நாள் தெரியுது மேடம். கல்யாணம் தெரியுது. காதல் தெரியுது. எங்க பழைய முதலாளிக்கே இவ்வளவு தெரியாது."

"ஒயருக்கு இதெல்லாம் தெரியாது," என்றார் கோமளம். "ஒரு மனுஷாளுக்குத்தான் தெரியும். தேடு."

ஆம்ப்ரோஸ் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோர்த்தான். எல்லாம் அணைந்திருக்கும்போதும் முள் லேசாக அசைந்தது. "சாவி எடுத்த பிறகும் யாரோ குடிச்சிட்டிருக்காங்க." ஃபாக் லைட்டின் ஃப்யூஸைப் பிடுங்கினான். முள் அப்படியே நின்றது. சார்ஜரின் ஃப்யூஸைப் பிடுங்கினான். அப்போதும் அப்படியே. "லைட்டும் இல்ல, சார்ஜரும் இல்ல. மூணாவதா ஒரு விருந்தாளி இருக்கான்."

ஃபாக் லைட்டுக்குப் போகிற ஒயர்க் கட்டு முழுக்கப் பச்சை நிறத் துணி டேப் சுற்றியிருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபோது, உள்ளேயிருந்து இரண்டு ஒயர்கள் வழி பிரிந்து பெட்ரோல் டேங்குக்கு அடியில் போயின. ஆம்ப்ரோஸ் டேங்கைத் தூக்கினான். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர் ஒரு ரிலேவுக்குப் போய், அந்த சுவிட்சிலிருந்து இக்னிஷனுக்குப் போயிற்று.

"ஜிபிஎஸ்," என்றான். குரலில் கேலி போய்விட்டது. "உள்ள சிம் இருக்கு. வண்டி எங்க போகுதுன்னு செல்போன்ல தெரியும். போன்ல ஒரு பட்டனை அழுத்தினா என்ஜின் கட். இன்னொரு தடவை அழுத்தினாத்தான் திரும்ப வரும். திருடு போகாம இருக்க லாரிக்கு, டாக்சிக்கு வைப்பாங்க. மேடம், பிடுங்கிடட்டுமா?"

"தொடாதே. அது உயிரோட இருக்கட்டும்." கோமளம் ரக்ஷிதாவைப் பார்த்தார். "அன்னிக்கு வண்டி திரும்ப எப்போ ஸ்டார்ட் ஆச்சு?"

"அப்பாவை ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்புறம். போலீஸ்காரர் ஓரமா நிறுத்தலாம்னு அடிச்சாரு. ஒரே அடியில பிடிச்சுது."

"அண்ணாவுக்கு போன் போனது அதுக்கு முன்னாடியா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி."

கோமளம் மெதுவாகச் சொன்னார்: "சாவுச் சேதி வீட்டாளுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் வண்டிக்கு உயிர் வந்திருக்கு."

ரக்ஷிதா அதைப் புரிந்துகொள்ள மறுத்தாள். "இல்ல மேடம். ஃபாக் லைட் வாங்கிக் கொடுத்தது கண்ணா. வண்டியை எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு வந்ததும் அவன்தான். இந்தப் பச்சை டேப்பு... ஐயோ, கண்ணாவா?"

"எந்தக் கடை?"

"ஈஜிபுரால, முனிகிருஷ்ணன்னு ஒருத்தர்."

வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு மூவரும் கோமளத்தின் காரில் கிளம்பினார்கள். ஜிபிஎஸ்ஸில் பார்க்கிறவர்கள், பெண் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஈஜிபுராவில், மேம்பாலத் தூண்களை ஒட்டி அரைக் கதவு அகலத்தில் ஒரு கடை. முனிகிருஷ்ணன் ஹாரன் ஒன்றைச் சரிசெய்து கொண்டிருந்தார். ஐம்பதுக்குப் பக்கத்து வயது. ரக்ஷிதாவைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, கோமளம் மட்டும் கைப்பையோடு போய் நின்றார். பின்னால் ஆம்ப்ரோஸ்.

"ஒரு வண்டியில உங்க வேலையைப் பார்த்தேன். ஒயர்க் கட்டு அவ்வளவு சுத்தம். பச்சைத் துணி டேப்."

முனிகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது. "அது நான் மட்டும்தாம்மா போடுவேன். சிவாஜி நகர்ல இருந்து ரோல் ரோலா எடுத்துட்டு வருவேன். தண்ணி இறங்காது, எலி கடிக்காது. இந்த ஏரியால பச்சைன்னா முனிகிருஷ்ணன்."

"அப்போ டேங்குக்கு அடியில வச்ச பெட்டியும் உங்க கைதான்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. ஆம்ப்ரோஸ் ஹாரனை எடுத்து ஒரு தடவை அழுத்தினான். பாம் என்றது.

"ஹாரன் ரெடி அண்ணா. நீங்களும் வாயைத் திறந்துட்டா நாங்க போயிடுவோம்."

"அது திருட்டுக்கு வைக்கிறதும்மா. தப்பான வேலை இல்ல."

"யார் வைக்கச் சொன்னா? ஃபாக் லைட் மாட்ட வந்த பையனா?"

"அந்தப் பையனா? சேச்சே. அவன் லைட்டை மாட்டிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டுப் போனான். நாலு நாள் கழிச்சு அதே வண்டியை ஒரு பெரியவர் எடுத்துட்டு வந்தாரு. வெள்ளைச் சட்டை, பாக்கெட்ல பட்டன் போன். கூட அவர் பையன். என் பொண்ணு கை மீறிப் போறா, எங்க போறான்னு தெரியணும், வேணும்னா நிறுத்தணும்னாரு. நடுரோட்டுல நின்னா ஆபத்து சார்னு நான் சொன்னேம்மா. நிஜமாச் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"நின்னா தள்ளிட்டு வரட்டும், புத்தி வரும்னாரு."

"பட்டன் போன்ல இந்த ஆப் ஓடாதே."

"பையன்தான் ஆப்பைப் போட்டான். எந்த போன்லன்னு நான் பார்க்கலை. வீட்டுல போய்ப் போட்டுக்கறேன்னான். ஒயரிங்தாம்மா என் வேலை."

காருக்குத் திரும்பியபோது ரக்ஷிதா கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றாள். கேட்டிருக்கிறாள்.

"அப்பாவா?" என்றாள். "அவரே வச்சாரா? அவரே வச்சதுலதான்..." வார்த்தை முடியவில்லை. தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். போகிற வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

காரில் ஏறியதும் ஆம்ப்ரோஸ் மெதுவாகக் கேட்டான். "பின்சீட்டுல உயிருக்குப் போராடிட்டிருந்தவர் பட்டன் அழுத்த முடியாது. அப்போ அண்ணன் சுனில்தான் மேடம். ஆப் போட்டவன் அவன். சாவுச் சேதி போனதும் அவன் போனுக்குத்தான்."

"இருக்கலாம். இருக்கலாம்ங்கறதை வச்சுண்டு நான் ஒரு கிளெய்மும் முடிச்சதில்லை. அழுத்தற கையைப் பார்க்கணும்."

"அப்பன் செத்த பிறகு எவனாவது திரும்ப அந்தப் பட்டனைத் தொடுவானா?"

"நல்ல மனுஷா தொடமாட்டா," என்றார் கோமளம். "இது அப்படி ஆள் இல்ல. அதனாலதான் தொடுவான்னு நினைக்கறேன்."

திட்டம் சின்னது. ஆம்ப்ரோஸ் ரக்ஷிதாவின் வண்டியை எடுத்து, விவேக் நகரிலிருந்து ஈஜிபுராவுக்கு, கண்ணாவின் தெருப் பக்கமாக ஓரத்திலேயே மெதுவாக ஓட்ட வேண்டும். யார் ஓட்டுகிறார்கள் என்பது பெட்டிக்குத் தெரியாது. அதே நேரத்தில் கோமளம் ஸ்ரீராம்புரத்தில், அந்த வீட்டில் இருப்பார்.

"நின்னா என்ன பண்றது மேடம்?"

"போன் பண்ணு."

"லாரி ஏறினா?"

"அப்பவும் பண்ணு."

சாயங்காலம் நாலு மணி. ஸ்ரீராம்புரத்துச் சந்தின் முனையில் காரை நிறுத்தி, ரக்ஷிதாவை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கோமளம் நடந்தார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசலில் திரை தொங்கிய வீட்டில், மாலை போட்ட படத்துக்குக் கீழே ஒரு சின்ன பல்ப் எரிந்தது. படத்தில் ரக்ஷிதாவின் அப்பா நாகேஷ், வயது அறுபத்தொன்று. கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"இன்சூரன்ஸ்ல இருந்து வரேன். உங்கப்பா பாலிசி விஷயமா ஒரு கையெழுத்து வேணும்."

சுனிலுக்கு முப்பத்தொன்று இருக்கும். ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். பணிவாக நாற்காலி இழுத்துப் போட்டான். "அம்மா, இன்சூரன்ஸ்காரங்க வந்திருக்காங்க. காபி போடு." உள்ளேயிருந்து ஜானகியின் குரல், "உட்காரச் சொல்லுப்பா," என்றது. மெலிந்த, சோர்ந்த குரல்.

கோமளம் ஐந்து பக்கப் படிவத்தை அவனிடம் நீட்டினார். அவன் போன் டீபாயின் மேல், கவிழ்ந்து கிடந்தது. கோமளத்தின் கண் அதை விட்டு நகரவில்லை.

"தங்கை இல்லையா?"

"வெளிய போயிருக்கா." அவன் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. "அவளைப் பத்திப் பேச வேணாம் மேடம். அம்மாவுக்குத் தாங்காது."

நாலு பத்து. கோமளத்தின் போன் அடித்தது.

"நின்னுடுச்சு மேடம்." ஆம்ப்ரோஸ் மூச்சு வாங்கினான். பின்னால் ஹாரன்கள் கத்தின. "பின்னாடி ஒரு பஸ்ஸு. ஒரு ஜாண்ல பிரேக் போட்டான். லைட் எரியுது. என்ஜின் செத்துப்போச்சு."

கோமளம் சுனிலைப் பார்த்தார். படிவத்தை அவன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். போன் கவிழ்ந்தபடியே கிடந்தது.

"வண்டி நின்னுடுத்தா?" என்றார் சத்தமாக.

சுனிலின் முகம் வெளுத்தது. அவன் தன் போனைப் பார்க்கவில்லை. அடுப்படியைப் பார்த்தான்.

கோமளம் எழுந்து உள்ளே போனார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஜானகி அதைப் பார்க்கவில்லை. சுவரோரமாகச் சாய்ந்து நின்று, கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு ரோடு, ஒரு சின்ன பைக் படம், கீழே ஒரு சிவப்புப் பட்டன். அவள் உதட்டில் இருந்தது சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஒரு வேலை ஒழுங்காக முடிந்த திருப்தி.

கோமளம் அடுப்பை அணைத்தார்.

"யாரு நீங்க?" என்றாள் ஜானகி.

"வண்டி ஏன் நின்னுதுன்னு உங்க பொண்ணு என்னைக் கேட்டா. அதுக்குப் பதில் தேடிண்டு வந்தேன்."

ஜானகி போனை மறைக்கவில்லை. வாசற்படியில் வந்து நின்ற மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவர் பின்னாடி உட்கார்ந்திருக்காருன்னு எனக்கு யாரு சொன்னா?" என்றாள். குரல் ஏறவில்லை. "மார்க்கெட்ல நின்னு போனைப் பார்த்தா வண்டி ஓடுது. லீவு நாள். நான் வீட்டுல இல்லாத நேரம். அவன்கிட்டத்தான் போறான்னு நினைச்சேன். மழை வேற. நில்லுடி நாயே, நடுரோட்டுல நனைஞ்சிட்டு நில்லுன்னு அழுத்தினேன்."

"திரும்ப எப்போ விட்டேள்?"

"இவனுக்கு போன் வந்ததும்."

"அப்போ தெரிஞ்சுடுத்து."

"தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சும் சாவு வீட்டுல அவளை அடிச்சேள்."

"அடிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? முப்பத்து நாலு வருஷம் வாழ்ந்தவரு. நான்தான்னு என் வாயால சொல்லவா? அவ சின்னவ. தாங்குவா."

"இன்னிக்கு ஏன் அழுத்தினேள்? இன்னும் ஒரு பஸ் அவ மேல ஏறணுமா?"

ஜானகி வழிந்த பாலைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். "அவ அவனோட போயிட்டா இந்த வீட்டுல நான் யாரைத் திட்டுவேன்? நானும் அந்தப் படமும்தான் இருப்போம்."

வாசல் திரை விலகியிருந்தது. ரக்ஷிதா உள்ளே நின்றாள். காரில் இருக்கச் சொன்னால் இருக்கிற பெண் இல்லை என்று கோமளத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா சொன்னாரு," என்றாள் ரக்ஷிதா. அம்மாவைப் பார்க்காமல் கோமளத்தைப் பார்த்தே பேசினாள். "'அம்மாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு'ன்னு. கடைசியா அம்மாவைத் தேடறாருன்னு நினைச்சேன் மேடம். அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. வண்டி ஏன் நின்னுதுன்னு தெரிஞ்சிருக்கு. போன் பண்ணி விடச் சொல்லுன்னு சொல்லியிருக்காரு. அவர் பாக்கெட்லயே போன் இருந்துச்சு. நான் செல்ஃப் அடிச்சிட்டே இருந்தேன்."

துடைத்துக்கொண்டிருந்த ஜானகியின் கை நின்றது. இதை அவள் இதுவரை கேட்டதில்லை. மகளிடம் அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று இருபத்து மூன்று நாளில் ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை.

"அத்தைக்கு போன் போடு," என்றாள் ரக்ஷிதா. "ஸ்பீக்கர்ல போடு. நான் கொல்லலைன்னு சொல்லு. அது மட்டும் போதும். நான் போலீஸுக்குப் போகமாட்டேன். எங்கயும் போகமாட்டேன்."

ஜானகி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓசூர் நம்பரைப் போட்டாள். இரண்டு மணி அடித்ததும் மறுமுனையில் ஒரு கனத்த பெண்குரல். "சொல்லு ஜானகி."

"அண்ணி." ஜானகியின் குரல் திடீரென்று உடைந்தது, அழுகை வந்தது, அத்தனையும் நிஜம் போலவே இருந்தது. "அண்ணி, இவ யாரோ ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து நிக்கறா. அவரைக் கொன்னதும் இல்லாம, பழியை என் மேல போடப் பார்க்கறா அண்ணி. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

ரக்ஷிதா வாசல் பக்கம் திரும்பினாள். கோமளம் அவள் கையைப் பிடிக்கப் போனார். பிடிக்க முடியவில்லை. திரை ஒரு தடவை ஆடியது. சந்தில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று.

ஸ்பீக்கரில் அத்தை கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பொண்ணு விளங்குமா, அவ கட்டையில போக.

சுனில் நடந்து வந்து அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினான்.

"அத்தை, நான் சுனில். அவ இல்ல அத்தை. அம்மாதான். அம்மா போன்லதான் வண்டியை நிறுத்தற ஆப் இருந்துச்சு. போட்டுக் கொடுத்தது நான். சாவு அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் வாயே திறக்கலை."

மறுமுனையில் கத்தல் சட்டென்று நின்றது. பிறகு, "ரக்ஷிதாகிட்டக் குடுடா," என்றது குரல். "அந்தக் குழந்தைகிட்டக் குடு."

கொடுக்க அங்கே ஆள் இல்லை.

கோமளம் கார் நின்ற இடத்துக்கு வந்தபோது ரக்ஷிதா பானெட்டில் சாய்ந்து நின்றாள். அழவில்லை.

"உன் அண்ணா உங்க அத்தைகிட்ட சொல்லிட்டான். எல்லாத்தையும்."

"எப்போ?"

"நீ வெளிய வந்த உடனே."

"அத்தைக்குத் தெரிஞ்சாப் போதும்னுதான் மேடம் காலைல உங்ககிட்ட வந்தேன்." அவள் நிமிர்ந்தாள். "பத்தலை. ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

ஸ்டேஷனில், கோமளம் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, ஆம்ப்ரோஸ் வந்து காத்திருந்தான். வண்டியை ஒரு டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். பெட்டி இன்னும் டேங்குக்கு அடியிலேயே இருந்தது. வழக்கமாக அந்த மாதிரி இடத்தில் அவனுக்கு ஒரு வசனமாவது வரும். ரக்ஷிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

மேஜைக்குப் பின்னால் இருந்த கான்ஸ்டபிள் கன்னடத்தில் கேட்டுக் கேட்டு எழுதினார். இறந்தவர் பெயர். தேதி. இடம். வண்டி எண். ரக்ஷிதாவும் கன்னடத்திலேயே, தடங்கலில்லாமல் சொன்னாள். பட்டனை அழுத்தியவர் பெயர் கேட்டார். ஜானகி என்றாள். வயது கேட்டார். ஐம்பத்து நாலு என்றாள்.

"நிமகேனு சம்பந்த?" என்றார். உங்களுக்கு என்ன உறவு?

"தாயி," என்றாள். அம்மா.

பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கி, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"பரீரி சார்," என்றாள் ரக்ஷிதா. எழுதுங்க.